இஞ்சிக் கிட்டங்கியில் நான் கேட்ட கேள்வி

1927-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் எட்டாம் தேதி, திங்கட்கிழமை. மாதா கோவிலின் முதல் மணிக்கு எழுந்தேன். பூசை கண்டு திரும்பி, முகம் மழித்துக்கொண்டேன். திங்கள், வியாழன் இரு நாளும் மழிப்பது என் வழக்கம். கழுத்து மூடிய வெள்ளைக் கோட்டை மனைவி இஸ்திரிப் பெட்டி போட்டு வைத்திருந்தாள். கஞ்சி குடித்தேன். குடையை எடுத்துக்கொண்டேன். கடலோரச் சாலை வழியாக நடந்து, மற்றவர்கள் வருவதற்குள் சரக்குக் கிட்டங்கியின் கதவைத் திறந்து, தராசைத் துடைத்து, படிக்கற்களை வரிசையாக வைத்தேன்.

அப்போது நான் பச்சை இஞ்சி ஏற்றுமதி செய்யும் தமிழ் முதலாளி ஒருவரிடம் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுகிறவனாக, இருந்தேன். ஊருக்கு வெளியே ஆயர் ஈத்தாம் மலையடிவாரத்தில் சீனத் தோட்டக்காரர்கள் இஞ்சி போட்டிருந்தார்கள். மாட்டு வண்டியில் மண்ணும் வேருமாக வந்து இறங்கும். ஒன்பது பெண்கள் அதைக் கழுவி, சின்னக் கத்தியால் வேர் நறுக்கி, அடிபட்டதைத் தனியே தள்ளி, பாயில் பரப்புவார்கள். நிழலில் நன்றாக உலர்ந்த பிறகு மூங்கில் கூடைகளில் காய்ந்த லாலாங் புல்லைப் பரப்பி அடுக்குவார்கள். தொங்கான் என்று நாங்கள் சொல்லும் சரக்குப் படகு வந்து கூடைகளைக் கப்பலுக்கு எடுத்துப் போகும். கப்பல் ரங்கூனுக்குப் போகும். அங்கே முதலாளியின் ஏஜெண்டு ஒருவர் எடுத்து விற்பார்.

பச்சைச் சரக்குக்கு உயிர் உண்டு. மிளகு, பாக்குபோல மூட்டை கட்டிப் போட்டுவிட்டு மறந்துவிட முடியாது. கப்பலின் அடித்தட்டுச் சூட்டில் அது மூச்சு விடும். காற்று இல்லாவிட்டால் முளைக்கும். ஈரம் இருந்தால் அழுகும். இதை எனக்கு யாரும் பாடமாகச் சொல்லித்தரவில்லை. அந்தக் கிட்டங்கியில் ஒரு மாதம் வேலை பார்த்தால் மூக்குக்கே தெரிந்துவிடும்.

ஜூலைக் கடைசியில் அனுப்பிய சரக்கு ரங்கூனில் கெட்டுவிட்டதாகத் தந்தி வந்திருந்தது. கூடையைத் திறந்ததும் புளித்த வாடை அடித்ததாம், விரல் வைத்தால் உள்ளே போயிற்றாம். இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று ஏஜெண்டு சொல்லிவிட்டார். அந்தச் சரக்கைக் கட்டிய வாரம் முழுவதும் மழை. பாய்களே உலரவில்லை. கப்பலை விட்டுவிடக் கூடாது என்று முதலாளி அவசரப்பட்டார். ஈரக்கையோடு ஈர இஞ்சியைக் கட்டினோம். நான் பக்கத்தில் நின்று கூடைகளுக்கு அடையாளம் போட்டேன்.

சனிக்கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டு, அந்தச் சரக்கு கட்டிய அன்று வேலையாட்களில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் இருந்ததா என்று கேட்டார். கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்வது என் குணம். என் சம்பளமே அதற்குத்தான் என்று நினைத்திருந்தேன். “ஒருத்தி மட்டும் வயிற்று வலி என்று கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்திருந்தாள்” என்றேன். “யாரு?” என்றார். புதிதாகச் சேர்ந்திருந்த பெண், தொங்கானில் வேலை செய்பவரின் மனைவி என்றேன். எதற்குக் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை, நான் படிக்கற்களை வைத்து முடித்தபோது முதலாளி வந்தார். நெற்றியில் திருநீறு, கையில் வெற்றிலைப் பெட்டி. அவர் சத்தம் போடுகிற மனிதர் அல்ல. கடன் தொல்லையில் இருந்த தோட்டக்காரனுக்கு முன்பணம் கொடுப்பார். காய்ச்சலில் கிடந்த வண்டிக்காரனுக்கு மருந்து வாங்கிக்கொடுத்தார். அதையும் நான் எழுதவேண்டும்.

“அன்னைக்கு வயித்து வலின்னு உக்காந்தாளே, அது என்ன வலின்னு உனக்குத் தெரியாதா?” என்றார்.

எனக்கு விளங்கச் சற்று நேரம் ஆயிற்று.

“தீட்டுக் கை பட்டா வெத்தலைக் கொடியே கருகிப்போகுது. ஊறுகாய்ச் சாடி பூசணம் பூத்துப்போகுது. இஞ்சி எம்மாத்திரம்? உசிரு உள்ள சரக்கு.”

“முதலாளி, அன்னைக்கு நல்ல மழை. பாயெல்லாம் ஈரம்.”

“அதுக்கு முந்தின மாசமும்தான் மழை பெஞ்சுது. அப்ப போனது நல்லாத்தானே போச்சு? அவ சேர்ந்த பிறகுதான் இது.” வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டார். “அவளை நிறுத்திரு. இனிமே தெனமும் காலைல கதவுகிட்ட நின்னு கேட்டுட்டுதான் உள்ள விடணும். நான் கேட்டா நல்லா இருக்காது. நீ வேதக்காரன். உங்க முறையில தீட்டு கெடையாதில்லே? உன் வாயில அந்தப் பேச்சு வந்தா தீட்டு ஒட்டாது.”

இதில் அவர் என்னை நம்புகிறார் என்றுகூட எனக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது. இன்று இதை எழுதும்போது காது சுடுகிறது.

முதலாளி போன பிறகு பெண்கள் வந்து சேர்ந்தார்கள். மழைக்கு ஒதுங்கவும் வெயிலுக்கு நடக்கவும் கடைகளின் முன்னால் இருக்கிற அஞ்சடிப் பாதையில் அவர்களை நிற்கச் சொன்னேன். புதிய பெண் மட்டும் வழக்கம்போல முன்னாடியே வந்து, உள்ளே உட்கார்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்றேன். கேள்வியை மரியாதையாகக் கேட்கவேண்டும் என்று மனத்துக்குள் சர்க்கார் விளம்பரம்போல ஒரு வாசகம் தயாரித்திருந்தேன்.

“இன்று முதல், வீட்டுக்கு விலக்காக இருப்பவர்கள் அந்த நாட்களில் இஞ்சியைத் தொடாமல் வீட்டிலேயே இருக்கவேண்டும். அப்படி இன்று யாரேனும் இருக்கிறீர்களா?”

படகுத்துறைக்குப் போகிற கூலிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். காப்பிக் கடைச் சீனர் வாளியைக் கையில் பிடித்தபடி நின்று பார்த்தார். தமிழ் தெரிந்த ரிக்‌ஷாக்காரன் ஒருவன் வண்டியைக் கீழே இறக்கி வைத்துவிட்டான்.

“என்ன அண்ணே, கோவில்ல பிரசங்கமா?” என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு புரிந்தது, சிரிப்பு நின்றது.

அவர்களில் மூத்தவளை எல்லோரும் பெரியக்கா என்பார்கள். பேரன் பேத்தி எடுத்தவள். “எதுக்கு இப்ப இந்தக் கேள்வி?” என்றாள்.

“ரங்கூன் சரக்கு கெட்டுப்போச்சு. அதனால முதலாளி...”

“அதுக்கும் இதுக்கும் என்ன? யாரு அன்னைக்கு அப்படி இருந்தாங்களாம்?”

நான் யார் பெயரையும் சொல்லவில்லை. இதை எனக்குச் சாதகமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். என் கண் மட்டும் உள்ளே போயிற்று. வெளியே நின்ற எட்டுப் பேரும், காப்பிக் கடைக்காரரும், ரிக்‌ஷாக்காரனும் என் கண் போன இடத்தையே பார்த்தார்கள்.

அந்தப் பெண் கத்தியைக் கீழே வைத்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். வாசலில் நான் வழியை மறித்து நின்றேன் என்பதே அவள் எதிரே வந்து நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. விலகினேன். தலையைக் குனிந்தபடி சாலையைக் கடந்து போனாள். நிறுத்திவிடு என்று முதலாளி சொன்னதை நான் அவளிடம் சொல்லவேண்டிய தேவையே வரவில்லை.

“கிராணியாரே,” என்றாள் பெரியக்கா, “கேட்டதை இன்னொரு தடவை கேளுங்க. கொஞ்சம் உரக்கக் கேளுங்க லா. கப்பல்காரனுக்கும் கேக்கட்டும்.”

நான் கோட்டுப் பொத்தானைத் திருகினேன்.

“சரி, நானே சொல்றேன். நான் இன்னைக்கு வீட்டுக்கு விலக்கு.”

பின்னால் இருந்தவள் புடைவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். “அக்கா, உனக்கு நின்னு பத்து வருசம் ஆச்சே!”

“இன்னைக்கு மறுபடி வந்திருச்சுடி. கிராணியார் கேட்டதும் வந்திருச்சு.” அப்படியே அஞ்சடியில் சுவரோரம் உட்கார்ந்து வெற்றிலைச் சுருக்குப்பையை அவிழ்த்தாள்.

“அப்ப எனக்கும்தான்” என்று அடுத்தவள் உட்கார்ந்தாள். “எனக்கு நேத்தே.” “எனக்கு நாளைக்கு வரும், இன்னைக்கே உக்காந்துக்கறேன்.” எட்டுப் பேரும் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். ரிக்‌ஷாக்காரன், “அண்ணே, நானும் உக்காரட்டுமா?” என்று கேட்டான். “போடா, போய் வண்டிய இழு” என்று பெரியக்கா அவனைத் துரத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சிரிப்பு இல்லை.

உள்ளே, சனிக்கிழமை சாயங்காலம் கழுவிய இஞ்சி ஈரம் காயாமல் குவிந்து கிடந்தது. அடுத்த நாள் மத்தியானம் கப்பல். நானும் வண்டிக்காரரும் உட்கார்ந்து வேர் நறுக்கத் தொடங்கினோம். நான் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். ஒரு துண்டின் கணுக்களை ஒடித்தேன், அடுத்ததையும் ஒடித்தேன். ஒடிந்த இடத்திலிருந்து வந்த காரம் கையிலிருந்து கண்ணுக்கு ஏறிற்று. வெளியிலிருந்து பார்த்த ஒருத்தி, “அண்ணே அழுறாரு” என்றாள். இன்னொருத்தி, “இஞ்சிடி” என்றாள். இஞ்சிதான்.

முதலாளி பத்து மணிக்கு மேல் வந்தார். வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே வந்தார். என்ன என்று கேட்டார். சொன்னேன். அவருக்கும் முகம் சிவந்தது. அவரும் வெட்கப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவருடைய வெட்கம் பெண்கள் அதை வாய்விட்டுச் சொன்னதற்காக.

“வேறே ஆளைக் கூப்பிடு.”

“கூலிக்கு வரும் சீனப் பெண்கள் மிளகுக் கிட்டங்கிக்குப் போய்விட்டார்கள், முதலாளி. நாளைக்குள் யாரும் கிடைக்கமாட்டார்கள்.”

பிறகு அவருக்கு ஒரு வழி தோன்றியது. “மஞ்சத் தண்ணி கரைச்சு நாலு மூலையிலும் தெளிச்சிருவோம். தோஷம் போயிரும். எல்லாரும் உள்ள வரலாம்னு சொல்லு.”

வெளியே போய்ச் சொன்னேன். பெரியக்கா வெற்றிலையைக் கன்னத்துக்குள் ஒதுக்கினாள்.

“தண்ணியா? ஏற்கெனவே ஈரத்துல அழுகிப்போச்சு. அது மேல இன்னும் தண்ணியா? முதலாளிகிட்டச் சொல்லுங்க, இஞ்சிக்குத் தேவை வெயிலும் காத்தும். அன்னைக்கு நாங்க சொன்னோமா இல்லையா, பாய் காயலைன்னு? நீங்களும் கேட்டுக்கிட்டுத்தானே நின்னீங்க?”

“கேட்டேன்” என்றேன்.

“அதை உள்ள போய்ச் சொல்லுங்க. எங்ககிட்ட கேட்டீங்களே, அந்தத் தைரியத்தோட சொல்லுங்க.”

உள்ளே போனேன். முதலாளி கல்லாப் பெட்டியின் பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் அவரிடம் எதிர்த்துப் பேசியதில்லை, பேசவும் தெரியாது. “அந்தச் சரக்கு ஈரத்தோடு கட்டினது. நாம்தான் அவசரப்பட்டோம். அந்தப் பெண்ணால் கெடவில்லை. இந்தக் குவியலையும் நாளைக் கப்பலுக்குக் கட்டினால் அதேபோல்தான் போகும்” என்றேன். சனிக்கிழமையே இதைச் சொல்லியிருந்தால் இவ்வளவு சிரமம் இருந்திருக்காது.

ரங்கூன் ஏஜெண்டு சொன்னது அவர் மனத்தில் ஓடியிருக்கவேண்டும். கடைசியில், “அடுத்த கப்பலுக்குப் போகட்டும். காயவிட்டுக் கட்டு” என்றார்.

“கேள்வி?”

“கேக்க வேணாம் விடு.”

“அந்தப் பெண்?”

“வந்தா வரட்டும்” என்று சொல்லிக்கொண்டே எழுந்து போய்விட்டார். மஞ்சள் தண்ணீரையும் யாரும் கரைக்கவில்லை.

பெண்கள் உள்ளே வந்தார்கள். அவர்களுக்கு அது வெற்றிதான். ஆனால் யாரும் அப்படிக் காட்டிக்கொள்ளவில்லை. கத்திகள் ஓடத் தொடங்கின. நான் ஒடித்த துண்டுகளை ஒருத்தி பொறுக்கிப் பொறுக்கித் தனியே போட்டாள். “இதெல்லாம் உங்க வீட்டுக் கொழம்புக்கு, அண்ணே” என்றாள்.

மத்தியானம் குழாயடியில் கை கழுவும்போது பெரியக்கா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அவளுக்கு அன்னைக்கு என்ன வலின்னு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாது.”

“மாசமா இருக்கா. நீங்க கேட்டீங்களே, அது அவளுக்கு வந்து மூணு மாசம் ஆகுது.” குழாயை மூடினாள். “ரெண்டு தங்காமப் போயிருச்சு. இது நிக்கணுமேன்னு பயந்துக்கிட்டு இருக்கா. அஞ்சு மாசம் ஆகாம வாயைத் தொறக்க மாட்டா. எங்களுக்கே அவ சொல்லலை. வாந்தி எடுக்கறதப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டோம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்க முதலாளி வாயை அடைச்சிருக்கலாம். சொல்ல மாட்டா. அதான் எழுந்து போயிட்டா.”

ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“என்கிட்ட சொல்லாதீங்க” என்றாள். “புருசன்கிட்டயும் சொல்லிராதீங்க. இங்க நடந்தது அவருக்குத் தெரிஞ்சா அவளை வெளிய அனுப்ப மாட்டாரு. அவளுக்கு இந்த வேலை வேணும், அண்ணே. பிள்ளை பொறக்கறதுக்கு முன்னாடி நாலு காசு சேத்து வெக்கணும்னுதான் வந்தா.”

அன்று மாலை வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன். உடம்பெல்லாம் இஞ்சி வாடை. மனைவி சோறு போட்டாள். என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டாள். முதலாளிக்கும் பெண்களுக்கும் ஒரு தகராறு என்று ஆரம்பித்தேன். அவள் விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் சொன்னேன், கேள்வியின் வாசகத்தைத் தவிர.

“என்னன்னு கேட்டீங்க?”

“அதான், அப்படி யாராவது...”

“அப்படி இல்ல. அங்க சொன்ன மாதிரியே சொல்லுங்க.”

எங்கள் மகள் விளக்கடியில் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. நான் அவள் பக்கம் பார்த்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தேன்.

“சொல்ல முடியலைல்ல?” என்றாள் மனைவி. “ரோட்டுல நின்னு ஒன்பது பேர்கிட்ட கேட்டீங்க. வீட்டுக்குள்ள, எங்க ரெண்டு பேர் முன்னாடி சொல்ல முடியலை.”

மகள் தலை நிமிரவில்லை. ஆனால் எழுதுவதை நிறுத்தியிருந்தாள்.

“நமக்குக் கல்யாணம் ஆகிப் பதினாறு வருசம். அந்த நாள்லயும் நான்தான் சமைக்கிறேன், ஊறுகாய் போடுறேன், கோவிலுக்கு வர்றேன். நீங்க ஒரு நாள் கேட்டதில்ல. கேக்காததால உங்களை நல்ல மனுசன்னு நெனைச்சேன். இப்ப பார்த்தா, கேக்கச் சொல்ல ஆள் இல்ல, அவ்வளவுதான்.” மோரை ஊற்றினாள். வழக்கத்தைவிடக் கொஞ்சமாக ஊற்றினாள். “நாளைக்கு மொதல் வேலையா அவ வீட்டுக்குப் போங்க.”

“போய் என்ன சொல்றது? புருசன் இருப்பார். மன்னிப்புக் கேட்டால் எதற்கு என்று கேட்பார். சொன்னால் அவளுக்குத்தான் கேடு.”

“அது உங்க பாடு. காலைல அவ்வளவு அழகா ஒரு வாசகம் தயார் பண்ணினீங்களே. இதுக்கும் ஒண்ணு தயார் பண்ணுங்க.”

மறுநாள் காலை மணியடித்ததும் எழுந்தேன். பூசைக்குப் போகவில்லை. கோட்டும் போடவில்லை. படகுத்துறைக்குப் பின்னால் இருக்கிற பலகை வீடுகளின் சந்துக்குள் போய், தொங்கான்காரர் வீடு எது என்று கேட்டுக்கொண்டு போய் நின்றேன்.

அவர் வேலைக்குப் புறப்பட்டு வாசலில் தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தார். தோள் அகன்ற, சிரித்த முகமுள்ள மனிதர். “அடடே, கிராணியார்! வாங்க, வாங்க. அவளுக்கு நேத்து ஒடம்பு சரியில்லைன்னு பாதியிலயே வந்துட்டா. அதுக்காகவா நீங்களே வந்தீங்க?” என்றார்.

உள்ளே துடைப்பம் ஓடும் சத்தம் கேட்டது.

நான் இரவெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். உள்ளே கேட்கவேண்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன். “ரங்கூனுக்குப் போன இஞ்சி ஈரத்தால்தான் கெட்டது. ஈரத்தோடு கட்டச் சொன்னது கிட்டங்கி. அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது நான். கட்டினவர்கள் யார் மேலும் தப்பு இல்லை. முதலாளியிடம் சொல்லிவிட்டேன். யாரும் யாரையும் இனி எதுவும் கேட்கமாட்டார்கள். நான் கேட்கமாட்டேன்.”

துடைப்பத்தின் சத்தம் நின்றது.

அவர் என்னையே பார்த்தார். “அதுக்கு என்கிட்ட ஏன் அண்ணே சொல்றீங்க? நான் கப்பல் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கறவன். கெட்டுதா கெடலையான்னு எனக்கென்ன தெரியும்?”

“சும்மா. எல்லாரிடமும் சொல்லவேண்டும்.”

“நல்ல மனுசன் லா நீங்க” என்றார் அவர், மனமாரத்தான் சொன்னார். வீட்டுக்குள் திரும்பி, “ஏ புள்ள, கேட்டுச்சா? இன்னைக்கு வேலைக்குப் போறியா?” என்றார்.

உள்ளேயிருந்து அவள் குரல்: “இன்னைக்கு இல்ல.”

“அப்ப நாளைக்கா?”

பாத்திரம் உரசும் சத்தம் கேட்டது. கதவின் இடுக்கு வழியாக ஒரு கை கண்ணாடிக் கிளாசில் தேத்தண்ணீரை நீட்டியது. அவர் வாங்கி என்னிடம் கொடுத்தார். “குடிங்க, அண்ணே. வந்தவங்களைச் சும்மா அனுப்பினா அவளுக்குப் பிடிக்காது.”

நின்றபடியே குடித்தேன். சூடாக இருந்தது; ஆற்றிக் குடிக்கக்கூட என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கிளாசைத் திருப்பிக் கொடுக்கையில் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கும்பிட்டேன், கதவைப் பார்த்துக் கும்பிட்டேன். அவர் தன்னைத்தான் கும்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு பதிலுக்குக் கும்பிட்டார்.